ஒத்த ரிங்

எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடிக்காது. அது கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. வருகிறவர்கள் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார்கள், பிறகு கதவைத் தட்டுவார்கள், அதற்கும் ஆள் வராவிட்டால் பின்பக்கம் சுற்றி வந்து அடுக்களை ஜன்னலில் முகத்தை வைத்து, "ஷிஜி, ஆளு உண்டுமா?" என்பார்கள். குளச்சலிலிருந்து கன்னியாகுமரிவரை ஊரார் ஆபீஸுக்கெல்லாம் இண்டர்நெட் போன் மாட்டிக் கொடுத்தவர் குடியிருந்த வீடு இது. அவர் பெயர் செல்வதாஸ். என் வீட்டுக்காரர்.

நான் தக்கலையில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்க நின்று, நெய்யூருக்குப் பஸ் பிடித்து, இறங்கி நடந்து வந்து சேர்ந்தால், வாசலில் யாராவது அந்தச் செத்த பெல்லை அமுக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்போது வரும் கோபம் சொல்லி முடியாது. "இஞ்சேருங்கோ, ஊரு மணியெல்லாம் அடிக்க வைக்கிறியளே, நம்ம மணிக்கு என்ன கேடு?" என்று கேட்பேன். "நாளைக்குப் பாக்கேன்" என்பார். அவருடைய அகராதியில் நாளைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று கட்டிக்கொண்ட முதல் வருடமே தெரிந்துகொண்டேன்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். ஒயர் ஓடுகிற சுவர் என்றால் அதன் முன்னால் மணிக்கணக்காக நிற்கிற ஆள் அவர். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும்போது இவர் மண்டபத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணும்போது மைக்குக்குப் போகிற ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்வார். எங்கள் கடையிலிருந்து நான் கொண்டுவரும் வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள் வீட்டில் தங்காது. காயத்துக்கு ஒட்ட அதில் ஒரு துண்டு கிடைத்ததில்லை. எல்லாம் ஒயருக்குப் போகும். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு துண்டு ஒட்டி, அது எங்கே போகிறது என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைப்பார். அவர் வேலை பார்த்த எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒயர்ப் பெட்டியைத் திறந்தால், கை கால் ஒடிந்தவர்கள் படுத்திருக்கிற வார்டுபோல இருக்கும்.

கல்யாணம் ஆன புதிதில் அவர் அபுதாபியில் இருந்தார். கேபிள் இழுக்கிற ஹெல்ப்பராகப் போனவர். பெரிய கட்டிடங்களின் கூரைக்கு மேலே, பலகைகளுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து ஒயர் போட்டிருக்கிறார். போன் மாட்டுகிற வித்தையை அங்கே ஒரு மலையாளி சூப்பர்வைசரிடம் கற்றுக்கொண்டார். அந்த நாளில் பேச ஆகும் செலவை நினைத்து நாங்கள் பேச மாட்டோம். காலையில் சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும் எனக்கு ஒரு ரிங் கொடுப்பார். ஒருமுறை அடித்து நின்றுவிடும். நான் எடுக்கக் கூடாது. சுகமாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அடித்து நின்று, மறுபடியும் அடித்தால், ஏதோ நடந்திருக்கிறது, பேச வேண்டும் என்று அர்த்தம்.

அப்படி இரண்டாவது தடவை அடித்தது ஒரே ஒரு முறைதான். ஏணியிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அன்றைக்கு. அந்த இரண்டாவது மணி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. முட்டி ஓரளவு சரியானபிறகும் நாலைந்து வருடம் அங்கேயே கிடந்து, ஒருவழியாக முடித்துக்கொண்டு வந்தார். மகள் ஜெனிலா அப்போது ஹைஸ்கூலில் இருந்தாள். வந்த முதல் வாரம் அவரிடம், "அப்பா, உங்களுக்குக் காப்பியில சீனி போடணுமா?" என்று கேட்டாள். விருந்துக்கு வந்தவரிடம் கேட்பதுபோல. அன்றைக்கு ராத்திரி, "இனி நான் போவ மாட்டேன் ஷிஜி" என்றார்.

போக மாட்டேன் என்றால் இங்கே இருந்து பிழைக்க வேண்டுமே. ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு கேமரா மாட்டப் போனார். நகைக்கடை, செருப்புக்கடை, பணக்காரர்கள் வீட்டு கேட். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாவனுக்கும் எவனையாவது ஒளிஞ்சு நின்னு பாக்கணும். ஒருத்தனுக்காவது பேசணும்னு தோணல்ல" என்பார். முட்டி வீங்கும். நான் கடையிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவுவேன். தடவும்போது என்னிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படிப் போய்க்கொண்டிருந்தது எங்கள் பாடு.

அப்போதுதான் முஹம்மது ஷரீஃப் முதலாளியின் வேலை வந்தது. குளச்சல்காரர். மீன் வியாபாரம். குளச்சல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ், அங்கே ஏலத்தில் மீன் எடுப்பார்கள். தக்கலையில் ஐஸ் உடைத்து மீனைப் பெட்டியில் அடுக்குகிற ஷெட், அங்கிருந்து லாரி திருவனந்தபுரம் போகும். கன்னியாகுமரியில் இன்னொரு ஆபீஸ், லாட்ஜுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மீன் கொடுக்க. மூன்று ஊரையும் இண்டர்நெட் போனில் சேர்த்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டார்.

இந்தப் போன் பார்க்க மற்ற மேசைப் போன் மாதிரிதான் இருக்கும். பின்னால் போகிறது மட்டும் இண்டர்நெட் ஒயர். மாட்டிவிட்டால் மூன்று ஊரும் ஒரே கட்டிடத்தின் மூன்று அறைகள்போல ஆகிவிடும். குளச்சலில் இருந்துகொண்டு மூன்று எண்ணை அமுக்கினால் கன்னியாகுமரி மேசையில் மணி அடிக்கும். வெளியிலிருந்து கம்பெனி நம்பருக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு மிஷின் எடுத்து, வணக்கம் சொல்லி, யாரோடு பேச வேண்டும் என்று கேட்டு, அந்த மேசைக்கு அனுப்பும். இதையெல்லாம் அவர் எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். நான் கேட்காமலேயே.

அந்த வேலையில் எங்கள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய சூப்பர்வைசர் அபுதாபியிலிருந்து ஒரு விசா வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷரீஃப் முதலாளியோ, இது நன்றாக ஓடினால் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையை இவரிடமே தருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மச்சான்மாருக்கு கோட்டாறில் மொத்தக்கடை, தேங்காப்பட்டணத்தில் வலைக்கடை. எல்லாவற்றையும் இவருக்கே பிடித்துத் தருவார். அது நடந்தால் விசா வேண்டாம். நடக்காவிட்டால் அந்த முட்டியோடு மறுபடியும் ஏணி. எங்கள் வீட்டில் அந்த மாதம் யாரும் இதை வாயால் பேசவில்லை. ஜெனிலாகூட அப்பாவின் பாஸ்போர்ட் இருக்கிற அலமாரியைத் திறக்காமல் சுற்றிப் போனாள்.

குளச்சல் ஆபீஸில்தான் அதிகம் கஷ்டப்பட்டார். உப்புக் காற்றில் ஆணிகூட அரிக்கும். பழைய ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு பொடிந்து வந்ததாம். தக்கலை ஷெட்டில் தரையெல்லாம் தண்ணீர், ஒயரைக் கூரையோரமாகக் கொண்டுபோக வேண்டும். கன்னியாகுமரியில் வேலை லேசு, ஆனால் டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர்மேல் மீன் நாற்றமும் சிமெண்டுத் தூசியும் கலந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கனெக்டர் அமுக்குகிற கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் களைப்பு இருந்தாலும் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்து நானும் கொஞ்சம் நம்பினேன்.

எந்த வேலையிலும் மாட்டுவதற்கு முன்னால், அங்கே போன் உபயோகிக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, "நீங்க இதுல என்னெல்லாம் செய்வியோ?" என்று கேட்பது அவர் வழக்கம். இங்கேயும் கேட்டிருக்கிறார். துறைமுகத்தில் ஏலம் எடுக்கிற நஸீமிடம் கேட்டார். "போனுல என்னண்ணே செய்வாங்க? பேசுவோம்" என்று சிரித்திருக்கிறான். ஷெட்டில் ஐஸ் மிஷின் ஓட்டுகிற ரசலையன் அண்ணனிடம் கேட்டார். "நான் போனுல பேசியதே இல்ல மக்கா" என்றாராம். அது முழு உண்மை. அந்த மனிதர் ஒருநாளும் அதில் பேசியதில்லை.

மிஷினில் வணக்கம் சொல்ல ஒரு பெண் குரல் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். கூலிக்குப் பேச ஆள் தேடுவானேன், வீட்டிலேயே ஒருத்தி சம்பளமில்லாமல் கத்திக்கொண்டிருக்கிறாளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, என்னைக் கட்டிலில் உட்கார வைத்து மொபைலை வாய்க்கு நேரே நீட்டினார். வியர்த்துக் கொட்டியது. "வணக்கம். பேக்கிங் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றேன்.

"ஏட்டி, சபை அறிக்கை வாசிக்கிய மாதிரி இருக்கு. கொஞ்சம் சாதாரணமா சொல்லு."

"பின்ன எப்பிடி சொல்லணும்? மீன் விக்கிய மாதிரியா?"

"மீன் கம்பெனிதானே. அப்பிடியே சொல்லு, கொள்ளாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ஒரு காக்காய், என் சிரிப்பு என்று பல தடவை கெட்டுப்போய்க் கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

எல்லாம் மாட்டி முடித்த அன்று முதலாளியே கன்னியாகுமரி ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டு குளச்சலுக்கும் தக்கலைக்கும் மாறி மாறிப் பேசியிருக்கிறார். நஸீம் பேசினான். கணக்கெழுதுகிற பெண்கள் பேசினார்கள். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டதாம். வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், முதல் மணியிலேயே என் குரல் எடுத்து வணக்கம் சொன்னது. "செல்வதாசு, கூப்பிடுகிய ஆளு காக்க வேண்டியதே இல்லியே" என்று முதலாளி தட்டிக்கொடுத்து, எல்லோருக்கும் சுலைமானி டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு இவர் வரும்போது வழியில் ஜெனிலாவுக்கு ஏத்தங்காய் பஜ்ஜி வாங்கி வந்தார். சட்டையைக் கழற்றாமலேயே அடுக்களையில் வந்து நின்று, "அந்த பெல்ல நாளைக்குச் சரியாக்கியிடுதேன்" என்றார். பஜ்ஜியைத் தட்டில் எடுத்து வைத்தேன். மனசுக்குள் சந்தோஷம்தான்.

மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதை எனக்கு முதலில் சொன்னது அவர் இல்லை. ரசலையன் அண்ணன்தான். ஐஸில் கிடந்து அவருக்குக் கை விரல்கள் வெடித்திருக்கும், எங்கள் கடைக்கு வந்துதான் களிம்பு வாங்குவார். அன்று மத்தியானம் வந்து, களிம்பைக்கூடக் கேட்காமல் கவுண்டர் கண்ணாடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் என்ன செய்ய? ரிங் வரல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது அந்த இரைச்சலில் ஒரு மனிதனும் போனில் பேச முடியாது. ஷெட்டில் ஐஸ் உடைக்கிற மோட்டார் ஓடினால் இங்கேயும் ஒன்றும் கேட்காது. அதனால் அவர்களுக்கு ஒரு ஏற்பாடு, யார் ஆரம்பித்தது என்றே தெரியாத ஏற்பாடு. நஸீம் ஏலத்தில் மீனை எடுத்ததும், தன் மொபைலிலிருந்து ஷெட்டு நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவான். சுவரில் தொங்குகிற போன் ஒருமுறை அடித்து நிற்கும். உடனே ரசலையன் அண்ணன் ஐஸ் கட்டிகளை மிஷினில் தள்ளி உடைக்கத் தொடங்குவார். துறைமுகத்திலிருந்து மீன் வேன் வந்து சேரும்போது ஐஸ் தயாராக இருக்கும். முன்கூட்டியே உடைத்தால் உருகிப் போகும், வேன் வந்தபிறகு உடைத்தால் மீன் வெயிலில் கிடக்கும். இரண்டு தடவை அடித்தால் இன்றைக்கு மீன் இல்லை, பெட்டி அடுக்குகிற பெண்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். இவ்வளவுதான் அந்தப் போனில் அவர்கள் செய்தது. இதை யாரும் ஒரு உபயோகமாகவே நினைக்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கும் நஸீம் வழக்கம்போல ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணியிருக்கிறான். ஷெட்டு நம்பருக்கு வெளியிலிருந்து வருவதையும் இப்போது மிஷின்தான் முதல் மணியிலேயே எடுக்கிறது, அந்த ஒரு ரிங்கை அது விழுங்கிவிட்டது. ஷெட்டில் மணியே அடிக்கவில்லை. துறைமுகத்து இரைச்சலில் அவன் மொபைலுக்குள் என் குரல் வணக்கம் சொல்ல ஆரம்பித்து அறுந்துபோயிருக்கிறது, அவனுக்கு அது கேட்கவும் இல்லை. வேன் வந்து நின்றபோது ரசலையன் அண்ணன் மோட்டாரைத் தொடாமல் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் நல்ல நெய்மீன். திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியது. அவசரம் அவசரமாக ஐஸ் உடைத்து அனுப்பினார்கள். அங்கே பெட்டியைத் திறந்து பார்த்தவன் விரலால் அமுக்கிவிட்டு, வேண்டாம் என்று லாரியைத் திருப்பி விட்டான்.

"உனக்க குரலுதான் எடுத்துதாம் தங்கச்சி" என்றார் ரசலையன் அண்ணன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பாவம். எனக்குத்தான் குத்தியது. அவருக்குக் களிம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது இவர் எனக்கு முன்னாலேயே வந்து வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு இரக்கம் வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. அது என் சுபாவம்.

"ஒத்த ரிங்க பத்தி உங்களுக்குத் தெரியாதா? உலகத்துல யாருக்குத் தெரியாட்டாலும் உங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசம் நாம அதுலதானே குடும்பம் நடத்துனோம்? எல்லாரிட்டயும் என்னெல்லாமோ கேட்டியளே, ரிங் குடுத்து கட் பண்ணுவியளான்னு ஒரு வார்த்த கேக்கல்லியே."

அவர் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"அது வீட்டுக் காரியம்னு நெனச்சேன் ஷிஜி. உனக்கும் எனக்கும் உள்ளதுன்னு நெனச்சேன்."

உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதைச் சரி செய்வது அவருக்கு ஒரு வேலையே இல்லை. ஷெட்டில் மணி பல தடவை அடித்தபிறகே மிஷின் எடுக்கும்படி அன்றைக்கே மாற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மறுநாள், யாரும் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் அடிக்கிற மாதிரி ஒரு பெரிய மணியை வாங்கிக் கொண்டுபோய், மோட்டார் ஓடினாலும் கேட்கும்படி ஷெட்டுச் சுவரில் மாட்டிப் போனோடு இணைத்தார். பிறகு முதலாளியைப் பார்க்கக் குளச்சல் போனார்.

முதலாளி சத்தம் போடவில்லையாம். சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "செல்வதாசு, உனக்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எனக்க வாப்பா காலத்திலிருந்து ஒருத்தனும் எனக்க மீனத் திருப்பி விட்டதில்ல. இப்பம் போன் பெட்டிய எல்லாம் ஆஃப் பண்ணி வை. ரசலையனுக்கு ஒரு மொபைல் வாங்கிக் குடுத்தாச்சு. கொஞ்ச நாளு போவட்டு, பாப்போம்" என்றிருக்கிறார். இவர் தன் கையாலேயே மூன்று ஊருக்கும் போய், தான் பிளாஸ்திரி ஒட்டி எழுதிய ஒயர்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி அணைத்துவிட்டு வந்தார். கோட்டாறும் தேங்காப்பட்டணமும் பேச்சில்லாமல் போயின.

கொஞ்ச நாள் போகட்டும் என்று முதலாளி சொல்லலாம். விசா சொல்லாது. மாசக் கடைசி வந்தது. ஒரு காலையில் ஜெனிலா அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளாகத்தான் எடுத்துக் கொடுத்தாள். "சீக்கிரம் போனா சீக்கிரம் வரலாம்லா அப்பா" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போனார்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். உள்ளே போவதற்கு முன்னால், "பெல்லு பாக்க நேரம் கெடைக்கல்ல" என்றார். "அது கெடக்கட்டு. முட்டிய பாத்து ஏறுங்கோ" என்றேன். வருகிற வழியில் தக்கலை ஷெட்டைப் பஸ் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுபடியும் பழைய வாழ்க்கை ஆரம்பித்தது. இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு காரியம் உண்டு. இண்டர்நெட் வழியாக மூன்று ஊரைப் பேச வைத்த ஆளுக்கு, அவர் போன நாட்டில் இண்டர்நெட் வழியாக வீட்டுக்குப் பேச வழியில்லை. அங்கே வாட்ஸாப்பில் கால் போகாது. எங்களுக்குத் தெரிந்த பழைய வழிதான் இருக்கிறது. காலையில் சைட்டு பஸ்ஸில் ஏறியதும் ஒரு ரிங்.

"மெசேஜ் அனுப்பச் சொல்லும்மா" என்கிறாள் ஜெனிலா. அனுப்பலாம். மெசேஜ் வந்தால் படிக்க வேண்டும், படித்தால் பதில் எழுத வேண்டும், சுகமா என்று அவர் கேட்க, சுகம் என்று நான் பொய் எழுத வேண்டும். ரிங்குக்குப் பதில் வேண்டாம். கையில் மாவோடு அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு ரிங் வரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. வந்துவிட்டால் அன்றைய பொழுது கிடக்கும்.

போன வாரம் ஒரு காலையில், முதல் ஈடு இட்டிலியை அடுப்பில் ஏற்றிவிட்டு அடுத்த தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது மொபைல் அடித்தது. ஒருமுறை அடித்தது, நிற்கவில்லை. மறுபடியும் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தேன். அவர் இல்லை. ஷரீஃப் முதலாளி. விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்து துறைமுகத்துக்குப் போகிற வழியில் பேசுகிறார், பின்னால் கடல் இரைச்சல்.

"செல்வதாஸ் இருக்கானா? பழைய நம்பரு கெடைக்க மாட்டேங்குது."

"அவிய அபுதாபியில முதலாளி. போயி மாசக்கணக்காச்சு."

அவர் மெல்ல விவரம் சொன்னார். ரசலையனுக்கு வாங்கிக் கொடுத்த மொபைல் ஐஸ் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தார், அது மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் நஸீம்தான் அந்தப் பெட்டிகளைத் திரும்பவும் ஆன் பண்ணிப் பார்த்திருக்கிறான். ஒயரில் எல்லாம் எழுதியிருந்ததால் தப்பில்லாமல் மாட்ட முடிந்ததாம். இப்போது ஏலம் முடிந்து ஒரு ரிங் போனால் சுவரில் இருக்கிற பெரிய மணி ஷெட்டே அதிரும்படி ஒருமுறை அடித்து நிற்கிறது. ரசலையன் எழுந்து மோட்டாரைப் போடுகிறார். அதற்குப் பிறகு ஒரு பெட்டி மீன்கூடத் திரும்பி வரவில்லை.

"அவன் காரியத்துல நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்மா" என்றார். "மச்சான்மாரு ரெண்டு பேரும் கேக்காங்க. கோட்டாறுலயும் தேங்காப்பட்டணத்திலயும் போடணும். வருசம் பூரா அவனே பாத்துக்கிடட்டும். வரச் சொல்லும்மா."

"ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காவ. பாஸ்போர்ட்டு கம்பெனி கையில இருக்கு. இடையில வர ஒக்காது முதலாளி" என்றேன். என் குரல் எனக்கே மிஷினில் பேசுவதுபோலக் கேட்டது.

அவர் விடவில்லை. கம்பெனியில் எழுதிக் கேட்டால் விடமாட்டார்களா, அங்கே தனக்குத் தெரிந்த ஆள் உண்டு, பேசிப் பார்க்கட்டுமா என்று ஆரம்பித்தார். நல்ல மனிதர், நல்லதைத்தான் பேசினார். ஆறு மாதம் முன்னால் அதில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே நன்றாக வெளுத்துவிட்டது. அங்கே பஸ் புறப்படுகிற நேரம்.

"முதலாளி, தப்பா நெனக்காதீங்கோ. போன வைங்கோ. இப்பம் அவியளுக்க ரிங் வரும். லைன் கெடைக்கல்லன்னா பயந்து போவாவ."

ரிங் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே போனை வைத்துவிட்டார்.

மாவு காய்ந்த விரலோடு மொபைலை மேடையில் வைத்துவிட்டு நின்றேன். ஜெனிலா தலைமுடியைப் பின்னியபடி வாசலில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். "அப்பாட்ட சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள்.

சுகமாக இருக்கிறேன் என்பதற்கு எங்களிடம் ஒரு ரிங் இருக்கிறது. ஆபத்து என்பதற்கு இரண்டு இருக்கிறது. உங்களை இங்கே தேடுகிறார்கள், நீங்கள் மாட்டிய மணி நன்றாக அடிக்கிறது, வாருங்கள் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மொபைல் அடித்தது. ஒருமுறை. நின்றுவிட்டது.

"நல்லா இருக்காவ" என்றேன். "இட்டிலி வெந்திருக்கும், எறக்கி வை மக்கா."